நீள லென்ஸில் டொரத்தி

தலையணையில் பின்னியிருந்த நீலப் பூ துல்லியமாகத் தெரிந்தது. அதன்மேல் சாய்ந்திருந்த டொரத்தியின் முகம் மட்டும் கலங்கியிருந்தது.

கேமராவின் கறுப்புத் துணிக்குள் குனிந்திருந்த பேசில், பின்கண்ணாடியில் தலைகீழாக விழுந்த பிம்பத்தைப் பார்த்தபடி, தெளிவு கூட்டும் திருகை மெல்லத் திருப்பினான். பிரிக்பீல்ட்ஸில் பதினோரு வருடமாகப் படம் பிடித்துப் பிழைப்பவன். ஊரார் கல்யாணத்தையெல்லாம் எடுத்தவன், தன் மனைவியை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. விடியற்காலையில் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஐந்து மணிக்கு அடக்கம். மிச்சமிருப்பது படம் பதியும் கண்ணாடித் தகடு ஒன்றே ஒன்று.

முதலில் சின்ன லென்ஸைத்தான் மாட்டிப் பார்த்தான். அதில் கட்டில், மெழுகுவர்த்தி, சுவர் எல்லாமே பொடியாய், ஒன்றுபோல் தெளிவாய்த் தோன்றின. திருகை முன்னும் பின்னும் ஓட்டினாலும் வித்தியாசம் பிடிபடவில்லை. நம்பி எடுத்து, கழுவும்போது அவள் முகம் மங்கிப்போயிருந்தால்? அதனால்தான் இந்தப் பன்னிரண்டு அங்குல நீள லென்ஸ். இதில் உருவம் பெரிதாக விழும். மயிரிழை பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. சாம்பிராணிப் புகையும் ஓடிகொலோன் வாசனையும் துணிக்குள்ளும் புகுந்தன. ஒருவழியாக முகம் தெளிந்தது. எத்தனை அடி தூரத்தில் தெளிவு விழுகிறது என்று காட்ட, கேமராவின் அடிப்பலகையில் கீறியிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தான்.

ஆறடி.

கட்டில் இருப்பதோ எட்டடியில். நாடா பிடித்து அவனே அளந்தது.

துணியை விலக்கினான். டொரத்தி கட்டிலில்தான் கிடந்தாள், ஜெபமாலை சுற்றிய கைகளோடு. மறுபடி குனிந்தான். முகம் மீண்டும் கலங்கியிருந்தது. திருப்பினான். ஐந்தடியில் தெளிந்தது. நீலப் பூ கரைந்து வெறும் கறையாகிவிட்டது.

"மச்சான், வண்டி வந்துருச்சி." வாசலில் டொரத்தியின் தம்பி கிரிகரி. "சர்ச்சுல சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் லா."

"ஒரு நிமிஷம், கிரிகரி. ஒரே ஒரு நிமிஷம்."

நாலடி. முகம் வளர்ந்தது. மூன்றடி. விரல்கள் வியர்வையில் வழுக்கின. துணிக்கு வெளியே கால்கள் தரையில் உராயும் சத்தம். கட்டில் கிறீச்சிட்டது.

"அக்காவ பெட்டியில வச்சாச்சு மச்சான். இன்னும் என்னத்த பாக்குறீங்க?"

துணியின் ஓரத்தைத் தூக்கினான். கட்டில் காலி. கூடத்தில் பெட்டிக்கு ஆணி அறையும் சத்தம்.

ஓடிவிடலாம். ஆனால் தகடு இன்னும் வெறுமையாக இருந்தது. அவள் முகம் இனி எங்கேயும் கிடைக்காது.

குனிந்தான்.

இரண்டடி. கேமராவின் மடிப்புத் துருத்தி முழுதாக நீண்டுவிட்டது. இதற்குமேல் போகாது. அவன் கை திருகில் இல்லை. முகம் தானாகவே தெளிந்தது. நிஜ அளவில். தலைகீழாக. உதட்டு வெடிப்பு. ஒவ்வோர் இமைமயிரும்.

"மச்சான்?"

கண்ணாடியில், அந்தத் தலைகீழ் முகத்தில், இமைகள் மெல்லக் கீழ்நோக்கித் திறந்தன.