கெனானுக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

கும்புருன் கடற்கரையில் சீசன் முடிந்துவிட்டது. சாய்வு நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டார்கள். படகுகள் கரையேறிவிட்டன. கோடை முழுக்க ஒரு துளி மழை இல்லாததால் மொட்டை மாடிகளில் அத்திப்பழம் சுருண்டு காய்ந்துகொண்டிருந்தது. அப்படி ஓய்ந்துபோன ஒரு மாலையில், வெளிச்சம் இன்னும் போகாத நேரத்தில், மெலாஹத்தின் விடுதிக்கு அங்காராவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வந்து சேர்ந்தாள். பெயர் முவல்லா.

துறைமுகத்திலிருந்து விடுதிக்கு ஏறிவரும் படிகள் செங்குத்தானவை. பெட்டியோடு ஏறுகிறவர்கள் பாதியிலேயே உட்கார்ந்து தங்கள் விதியை நொந்துகொள்வார்கள். இந்த அம்மாளோ மூச்சுகூட வாங்காமல் வாசலில் நின்றாள்.

"இவ்வளவு பெரிய பெட்டிய எப்படித் தூக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள் மெலாஹத்.

"நான் எங்க தூக்கினேன்? உங்க பையன்தான். கீழ பஸ் நிக்கிற எடத்துலயே காத்துக்கிட்டு நின்னான். மெலாஹத் அம்மா விடுதிக்கா, நான் அவங்க பிள்ளைன்னு சொல்லிப் பெட்டிய வாங்கிக்கிட்டான். தங்கமான பிள்ளை. காசு நீட்டினேன், தொடவே இல்ல."

மெலாஹத் கையிலிருந்த அறைச்சாவி கீழே விழுந்தது.

"ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. ஏன் பிள்ளைய இப்படி விடுறீங்க? தலையிலிருந்து கால் வரைக்கும் சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கான். இந்தக் காத்துல நிமோனியா வந்துராதா?"

"சொன்னா எங்க கேக்குறான்..." என்று சொல்லிவிட்டு மெலாஹத் குனிந்து சாவியை எடுத்தாள். பெட்டியின் கைப்பிடியைத் தொட்டாள். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பாசி நாற்றமும் உப்பும்.

அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை, கெனான். அவனை மண்ணில் வைத்து மாதம் ஒன்று தாண்டியிருந்தது.

அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஊருக்குப் புறப்பட்டால், அவர்கள் வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே ஒரு கிண்ணம் தண்ணீரைத் தெருவில் வீசி ஊற்றுவார்கள். 'தண்ணி மாதிரி போ, தண்ணி மாதிரி திரும்பி வா' என்பார்கள். விடுதிக்காரிக்கு இது தொழிலோடு ஒட்டிய பழக்கம். வெளிநாட்டுக்காரனோ உள்ளூர்க்காரனோ, பெட்டியைத் தூக்கியவன் எவனுக்கும் மெலாஹத்தின் செப்புக் கிண்ணத்திலிருந்து தண்ணீர் உண்டு. மனம் எங்கேயோ இருந்தாலும் கை அதுபாட்டுக்குச் செய்துவிடும்.

கெனானுக்கு மட்டும் அவள் ஒருநாளும் ஊற்றியதில்லை. காலையில் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குகைகளைக் காட்டப் போவான், மாலையில் பசியோடு வந்து பானையைத் திறப்பான். பக்கத்துக் கடலுக்குப் போகிறவனுக்கு எதற்குத் தண்ணீர்?

அப்படிப் போன ஒருநாள்தான் காற்று திரும்பியது. படகில் வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பாறையில் ஏற்றிவிட்டான். கடைசியாக ஒரு பெண்ணுக்காகத் திரும்பவும் குதித்தான். அந்தப் பெண் இன்று உயிரோடு இருக்கிறாள், நன்றாக இருக்கட்டும். கெனானைக் கடல் சில நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது.

அடக்கத்துக்கு ஆண்கள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். பெண்கள் வாசலில் நின்றார்கள். மெலாஹத் அழக்கூட இல்லை, மரத்துப்போய் நின்றாள். பிள்ளை வாசலைத் தாண்டியதும் அவளுடைய கை குழாயடிக்குப் போயிற்று. கிண்ணத்தை எடுத்தது. நிரப்பியது. வீசியது.

"தண்ணி மாதிரி போ, தண்ணி மாதிரி திரும்பி வா, கண்ணு."

"அடியே, என்னடி காரியம் பண்ணிட்ட!" என்று பக்கத்து விடுதி பிக்ரியே வாயில் அடித்துக்கொண்டாள். பெட்டியைச் சுமந்தவர்களின் கால்கள் ஒரு கணம் படியில் நின்றன. தண்ணீர் அவர்களுடைய குதிகால்களை நனைத்துக்கொண்டு கீழே ஓடியது.

சவப்பெட்டிக்குப் பின்னால் எவளாவது தண்ணீர் ஊற்றுவாளா? இவள் ஊற்றிவிட்டாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள் சிலர். இமாம் மட்டும், "பெத்தவ கை, என்ன பண்றதுன்னு தெரியாம பண்ணிருச்சு, விடுங்க," என்றார். வழக்கப்படி கெனானின் காலணிகளை, மூக்கு தெருவைப் பார்க்க, வாசலில் வைத்தார்கள். பின்பக்கம் மிதித்து மிதித்து மடங்கிப்போன காலணிகள். மூன்றாம் நாளே மலையிலிருந்து வந்த ஓர் ஆட்டிடையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இல்லாதவன் எடுத்துப் போனால் செத்தவனுக்குப் புண்ணியம்.

அதற்கப்புறம்தான் வீட்டில் ஈரம் தெரிய ஆரம்பித்தது.

சமையலறைத் தரையில், காலையில் துடைத்தால் மதியம் திட்டுத்திட்டாகத் தண்ணீர். அவனுடைய நாற்காலியில் ஈரம். பானை மூடி திறந்திருக்கும், உள்ளே குழம்பு தொடாமல் அப்படியே இருக்கும்.

பயந்தாளா? பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டாள். யாரிடமும் மூச்சு விடாமல் தினமும் அவனுக்கென்று ஒரு தட்டு வைத்தாள். போனவன் திரும்பி வந்தால் எந்தத் தாய்தான் கதவைச் சாத்துவாள்?

முவல்லா குளித்துவிட்டு வந்து தேநீருக்கு உட்கார்ந்தாள். கண்ணாடிக் குவளையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்ல மறந்தே போய்ட்டேன். உங்க பையன் சொல்லச் சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"வாசல் வரைக்கும் வந்தான், உள்ள வரல. பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்குது. 'எங்க அம்மாகிட்ட சொல்லுங்க, ரொம்பக் குளிருது, என்னை விடச் சொல்லுங்க'ன்னான். எங்கயோ வேலைக்குப் போகணும்கிறான் போலிருக்கு, நீங்க விட மாட்டேங்கிறீங்களாக்கும்னு நெனைச்சேன். வயசுப் பிள்ளைய எத்தன நாளைக்குப் பிடிச்சு வைக்க முடியும்?"

மெலாஹத் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். இத்தனை நாளும் தன் பசியைத்தான் ஆற்றிக்கொண்டாளே தவிர, அவனுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருதரம்கூட நினைக்கவில்லையே!

மறுநாள் மதியம் பிக்ரியே வந்தாள். வரும்போதே அதட்டல்.

"ஏண்டி, மேகம் கறுத்துக்கிட்டு வருது, அத்திப்பழத்த எடுத்து வைக்காம எங்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? ஊரெல்லாம் மாடியில ஏறி அள்ளுது."

மெலாஹத் எல்லாவற்றையும் சொன்னாள். பிக்ரியே நாற்காலியைப் பார்த்தாள். இருக்கையின் நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவளுடைய அதட்டலெல்லாம் அடங்கிப்போயிற்று.

"நீதாண்டி கூப்பிட்ட. தண்ணி ஊத்தி வான்னு சொன்ன. வந்துட்டான். அங்கயும் இருக்க முடியல, இங்கயும் இருக்க முடியல. அந்தக் கடல்லயே கெடந்த மாதிரி கெடக்குறான்."

"நான் என்ன பண்றது, அக்கா?"

"இன்னொரு தடவ அனுப்பி வை. சரியா அனுப்பு. கிண்ணத்தக் கவுத்து வாசப்படியில வை. 'வா'ங்கிற சொல்லு வாயில வரக் கூடாது. அவன் பின்னாடி ஒரு சொட்டுத் தண்ணி விழக் கூடாது. கண்ணீரும் தண்ணிதான், ஞாபகம் வச்சுக்கோ."

"என்னால முடியுமா?"

"முடியாதுதான். ஆனாலும் செஞ்சாகணும்," என்று சொல்லி பிக்ரியே அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு வாசலைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

முவல்லா மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் நாய்கூட இல்லை. வானம் ஈயப் பாத்திரம் மாதிரி மங்கிக் கிடந்தது. மெலாஹத் கிண்ணத்தைத் துணியால் துடைத்தாள். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் திரும்பத் திரும்பத் துடைத்தாள். வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

காற்று நின்றது.

பாசி நாற்றம் வந்தது.

படிகளில் யாரோ ஏறி வந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும், பிழியாத துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம்.

சத்தம் வாசலில் நின்றது. பிறகு உள்ளே வந்தது.

அவள் தரையைப் பார்த்தபடியே இருந்தாள். முதலில் இரண்டு ஈரத் தடங்கள் தெரிந்தன. பிறகு கால்கள். வெளுத்து, ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போன கால்கள். சின்ன வயதில் கடலைவிட்டு ஏறமாட்டேன் என்று அடம்பிடிப்பானே, அப்போதும் விரல்கள் இப்படித்தான் சுருங்கியிருக்கும்.

"அம்மா."

"சொல்லு, கண்ணு."

"குளிருதும்மா."

"தெரியும்டா."

"போக முடியல. எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கயே வந்து நிக்கிறேன்."

அவள் கையை நீட்டினாள். தொட்டாள். அவன் கை பனிக்கட்டியைவிடக் குளிர்ந்திருந்தது. அவள் விடவில்லை. தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள், வாயால் ஊதினாள். சூடு ஏறவே இல்லை. அவளுடைய விரல்கள்தான் விறைத்தன.

"நான் பண்ணின தப்புடா இது. எல்லாருக்கும் ஊத்தினேன், உனக்கு ஒருநாளும் ஊத்தல. அந்த ஏக்கத்துல கை தன்னால கிண்ணத்துக்குப் போயிருச்சு."

"தெரியும்மா."

"போ."

சொல்லிவிட்டாள். போயிட்டு வா என்று சொல்லியே பழகிய வாய். வெறும் 'போ'வோடு நிறுத்தியபோது, 'வா' தொண்டையில் முள்ளாகக் குத்தியது. விழுங்கிவிட்டாள்.

அவன் திரும்பி நடந்தான். கவிழ்ந்த கிண்ணத்தைத் தாண்டினான். மெலாஹத் கண்ணை இமைக்காமல் பின்னாலேயே வந்தாள். கண்ணில் கட்டிய நீரை தலைத்துணியின் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள், ஒரு சொட்டையும் கீழே விடவில்லை. அவன் ஒவ்வொரு படியாக இறங்க இறங்க, மேலே இருந்த தடங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அவன் உடம்பும் காய்ந்துகொண்டு வந்தது. சட்டை ஒட்டாமல் காற்றில் லேசாக அசைந்தது. பாதிப் படியில் அவன் தோளைக் குலுக்கி, கையை உதறி, வெயில் பட்ட ஆளைப் போல ஒரு பெருமூச்சு விட்டான்.

"குளிரலம்மா," என்றான். சின்னப் பிள்ளை குரலில் சொன்னான்.

மெலாஹத்தின் நெஞ்சு வெடித்தது, நிறைந்தும் போயிற்று. போடா, என் ராஜா, போ.

அப்போது கவிழ்த்த கிண்ணத்தின் மேல் டொக்கென்று ஒரு சத்தம்.

இன்னொன்று.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் ஒரு துளி விழுந்தது.

"வேண்டாம்," என்றாள். "இப்ப வேண்டாம். ஐயோ, கொஞ்ச நேரம் பொறுக்கக் கூடாதா!"

சுவரோரம் கட்டி வைத்திருந்த கடற்கரைக் குடை ஒன்றைப் பிடுங்கி, விரித்துக்கொண்டு ஓடினாள். அவன் நடந்த படிகளுக்கு மேலே பிடித்தாள். ஒரு படியை மறைத்தால் பத்துப் படி நனைந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? கோடை முழுக்கப் பிடித்து வைத்திருந்ததையெல்லாம் வானம் ஒரே மூச்சாகக் கொட்டியது. தண்ணீர் படிப்படியாகத் தாவி அவளைத் தாண்டியது. கீழே போய்க்கொண்டிருந்தவனின் குதிகால்களைத் தொட்டது.

அவன் நின்றான்.

அவனுடைய தோள் நடுங்கத் தொடங்கியது.

"திரும்பாத! போயிரு! நான் ஊத்தலடா, நான் ஊத்தல!" என்று அவள் அலறினாள். மழைச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. கீழே மழையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

"என்ன பண்றீங்க, மெலாஹத் அம்மா?" மாடி ஜன்னலிலிருந்து முவல்லாவின் குரல் வந்தது. "உள்ள வாங்க! உங்க பையன் வந்துட்டானே, இப்பத்தான் உள்ள போனான், பாத்தேன்!"

மெலாஹத் குடையைப் போட்டுவிட்டுப் படியேறினாள். வாசற்படியில் கிண்ணம் நிமிர்ந்திருந்தது. விளிம்புவரை நிறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி காலணிகள். பின்பக்கம் மிதித்து மடங்கியவை. ஆட்டிடையன் மலைக்குக் கொண்டுபோனவை.

அவற்றின் மூக்கு வீட்டைப் பார்த்திருந்தது.

உள்ளே சமையலறையில் நாற்காலி இழுபட்டது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

மெலாஹத் முற்றத்துக் கொடியில் கிடந்த துண்டை உருவி எடுத்தாள். பிள்ளையின் தலையைத் துவட்ட வேண்டும். துண்டை முகத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் நனைந்திருந்தது.