காயக் கூடாத தட்டுகள்

“இதுல இருந்த தண்ணியெல்லாம் எங்கே?”

அவள் கேட்டதும், ஆய்வகத்தில் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்ற நெட்டையன் திரும்பினான். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அன்று காலைதான் வேலைக்குச் சேர்ந்தவன். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன... பாழாய்ப்போன கண்கள், அவ்வளவு அழகு!

“கழுவின தண்ணி தேங்கி நிக்குதுன்னு நினைச்சேங்க... கொட்டிட்டு, காய வெச்சிருக்கேன்.”

அவள் ஒரு தட்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். தட்டுகளில் மெல்லிய புரதப் பூச்சு படிவதற்காக இரவெல்லாம் ஊறவைத்த கரைசல் அது. பூச்சு காய்ந்தால், கண் செல்களாக வளரவேண்டிய ஸ்டெம் செல்கள் ஒட்டாது; மிதந்தே செத்துப்போகும். நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பார்வை தரவேண்டிய செல்கள்... அடுக்கடுக்காக இருந்த அத்தனை தட்டுகளும் வீண். காத்திருந்தவர்களில் அவளுடைய அம்மாவும் ஒருத்தி.

“உங்க சுத்தத்தால எங்கம்மா இன்னும் எத்தனை மாசம் இருட்டுல இருக்கணுமோ!”

அவன் காய்ந்த தட்டுகளைப் பார்த்தான். கண்கள் கலங்கின. அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் போய்விட்டாள்.

மறுநாள் மேலாளர் முன்னால் அவன் நின்றான். “தப்பு என்னோடதுதான் சார். வேலையை விட்டு அனுப்பினாலும் சரி.”

பக்கத்தில் நின்றவள் தலை குனிந்தாள். ‘ஊறுகிறது, தொடாதே’ என்று சீட்டு ஒட்ட வேண்டியது அவள். ஊறவைத்த அன்று, அம்மா தடுக்கி விழுந்ததாகப் போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடியிருந்தாள். மற்றவர்கள் சொல்லி இது அவனுக்கும் தெரியும்... ஆனாலும் காட்டிக்கொடுக்கவில்லையே! சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவன் போய்விடுவான்.

“சீட்டு ஒட்டாம விட்டது நான்தான் சார்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு பேருமா சேர்ந்து மறுபடி பூசுங்க. போங்க.”

பூசினார்கள். ஊறவைத்தார்கள். இந்த முறை சீட்டை அவனே ஒட்டினான், கோணலாக. செல்களை விட்ட மறுநாள் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் நுண்ணோக்கியில் குனிந்தாள்... செல்கள் தட்டில் ஒட்டிக் கால் பரப்பி உட்கார்ந்திருந்தன. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“அன்னிக்கு எதுக்குங்க உண்மையைச் சொன்னீங்க?” என்றான் மெதுவாக.

“நீங்க போயிட்டா... நான் யார்கூடச் சண்டை போடுறது?”

அவன் சிரிக்கவில்லை. “அம்மாவுக்குக் கண்ணு தெரிஞ்சதும் நான் வந்து மன்னிப்புக் கேக்கணும். யாருன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவீங்க? தட்டைக் கொட்டினவன்னா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இல்ல... ‘அம்மா, உன் மாப்பிள்ளை’ன்னு.”