வெள்ளைப் படத்தில் ஓர் அழுக்கு

நேற்று துடைத்தெடுத்த அழுக்கு இன்று ஒரு சாண் மேலே ஏறியிருந்தது.

பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்வது அவள் வேலை. அருங்காட்சியகத்தின் பின்னறையில், சாயமும் ஈரப்பஞ்சும் கலந்த வாசனையில், சுவர்க்கடிகாரத்தைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லாமல் முப்பது வருடம் ஓட்டிவிட்டாள். இப்போது எதிரில் நிற்பது ஆளுயர வெள்ளைப் படம். உருவமில்லை, கோடில்லை, வெள்ளைமேல் வெள்ளை, அவ்வளவுதான். அது கூடத்தில் மாட்டியிருந்தபோது ஜனங்கள் அதன் முன்னால் மணிக்கணக்காகக் கண்மூடாமல் உட்கார்ந்திருப்பார்கள். "இதுல அப்படி என்னத்தப் பாக்குறாங்களோ!" என்று காவலாளி தலையில் அடித்துக்கொள்வார். அவளுக்கு அந்த வெள்ளை பிடிக்கும். வீட்டுக்குப் போனாலும் இதே நிசப்தம்தான், அங்கே பார்க்க ஒரு படம்கூடக் கிடையாது.

மூன்று வருடமாகப் பேசாமலிருந்த மகள் நேற்று காலை போன் செய்தாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேம்மா. இருப்பல்ல?"

"நான் எங்கடி போகப்போறேன்? நேரா பின்னறைக்கு வா."

இந்த முறை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். விட்டால் இனி வரமாட்டாள்.

அந்தப் பரபரப்பில்தான் புத்தி பிசகியது. பஞ்சை எச்சிலில் நனைத்துத் துடைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்; அதைப்போலப் பதமாக அழுக்கெடுப்பது எதுவுமில்லை. ஆனால் முதலில் ஓர் ஓரத்தில் கடுகளவு துடைத்துப் பார்க்க வேண்டும். நேற்று அவள் பார்க்கவில்லை. நேராக நடுவில் வைத்துவிட்டாள்.

இப்போது மறுபடி பஞ்சை நாக்கில் நனைத்து ஒற்றினாள். பஞ்சில் அழுக்கே ஒட்டவில்லை, ஈரம் மட்டும் காணாமல் போயிருந்தது. படம் குடித்துவிட்டது. பாதியில் நிறுத்தினால் திட்டாகிவிடும் என்று கை பழக்கத்தில் அடுத்த பஞ்சை எடுத்தது.

சாம்பல் நிறம் படர்ந்தது. ஒரு தோள்போல. பிறகு தாடைபோல.

வாய் வறண்டது. சாய வாசனை போயிற்று. கடிகாரத்தின் முள் நகர்ந்தது, சத்தமில்லை. மூச்சு விட்டாள். அதுவும் கேட்கவில்லை.

போதும். எழுந்திரு.

எழவில்லை.

கதவு திறந்தது. மகள். இளைத்திருந்தாள். கையில் பெரிய பை. தங்கத்தான் வந்திருக்கிறாள்.

"அம்மா?"

இதோ இருக்கேன்டி! நாக்கு அசைந்தது. குரல் வரவில்லை. கையை நீட்டினாள். ஏதோ தடுத்தது. விறைப்பாக இழுத்துக் கட்டிய படத்துணி.

மகள் காலி நாற்காலியைப் பார்த்தாள். தன் கையிலிருந்த பையைப் பார்த்தாள். உதடு கோணியது.

"எனக்காக ஒரு நாளாவது இருந்திருக்கியா நீ?"

இருக்கேன்டி. இங்கதான். இங்க பாரு.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். படத்தைப் பார்த்தாள். கிளம்பப் போனவள் நின்றாள். நாற்காலியை இழுத்துப்போட்டு, நேரெதிரே உட்கார்ந்தாள்.

"அப்பாடா..." என்றாள். "என்னா அமைதி."

படத்துக்குள் அவள் உயிர் போகக் கத்தினாள். கத்தக் கத்த, மகளின் முகத்தில் இருந்த அழுகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.