காலி மூலையில் ஒரு பெட்டி

மூன்று பெட்டிகள் வரைந்ததாகத்தான் மானசாவுக்கு நினைவு. திரையில் நான்கு இருந்தன.

செம்பூரில் காலையிலிருந்து விடாத மழை. மூடிய ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்கள் தண்ணீரைக் கிழித்துப் போகும் சத்தமும், ஹாலின் குறுக்கே கட்டிய கொடியில் மூன்று நாளாகக் காயாத துணிகளின் புளித்த வாடையும், மின்விசிறிக் காற்றில் அவற்றின் நிழல் சுவரில் லேசாக அசைவதும் சேர்ந்து, பகல் மூன்று மணியை எந்த நேரமும் அல்லாததாக்கியிருந்தன.

வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் படமாக்குவது அவள் வேலை. எங்கே ஏதாவது இருக்குமென்று தோன்றுகிறதோ, அங்கே ஒரு பெட்டி வரைய வேண்டும். மென்பொருள் பெட்டிக்குள் மிகப் பிரகாசமான புள்ளியைத் தேடும். அதை இங்கே பழைய படத்திலிருந்து கழித்து, அங்கே புதிய படத்தில் சேர்க்கும். மறுபடி தேடும்.

நான்காவது பெட்டி காலியான மூலையில் இருந்தது.

காலித் போன் செய்தான். கூட வேலை பார்ப்பவன். கோவண்டியில் தன் வீட்டிலிருந்து அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம், அந்த மூலையில ஃப்ளாட் ஏதாவது புக் பண்ணிருக்கீங்களா?”

“ஏன்?”

“அங்க ஒண்ணுமே இல்லயே. பாக்ஸ் போட்டா சாஃப்ட்வேர் மரியாதைக்காவது எதையாவது கொண்டு வந்து வைக்கும். உங்களுக்குத் தெரியாததா? எடுத்துடுங்க. ஆறு மணிக்கு அனுப்பணும்.”

“எடுத்துடறேன்.”

அழிக்கப் போனவள் புதிய படத்தைப் பார்த்துவிட்டாள். சாம்பல் நிறப் புள்ளிகள். ஒரு வளைவு. வளைவின் முனையில் உருண்டை.

மார்ச்சில், மாதுங்காவில், இதே சாம்பல் நிறம். இருபதாவது வாரம். டாக்டர் ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, கருவை எடுக்க ஒரு சம்மதப் படிவம். கையெழுத்துப் போட்டது மானசாதான். ஒருமுறை காட்டுங்கள் என்று அவள் கேட்கவில்லை.

பெட்டியை அழித்தால் இதுவும் போய்விடும். இரண்டாவது முறை. அதே கையால்.

தொடரலாமா, என்று கேட்டது மென்பொருள்.

ஆம் என்று அழுத்தினாள்.

முதுகெலும்பு. மூடிய விரல்கள். சுவரில் துணிகளின் நிழல் அசையாமல் நின்றது. மழைச் சத்தம் நின்றது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

தொடரலாமா?

ஆம்.

பாதம். அவ்வளவு சின்னது. அத்தனை பெரிய வானத்தின் மூலையில், தனியாக.

“இங்கேயா இருந்தே நீ?” என்றாள்.

பெட்டி கொஞ்சம் பெரிதாகியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

தொடரலாமா?

ஆம்.

சிறிய தலையின் மேல் ஓர் உள்ளங்கை வந்து படிந்தது. வளர்ந்த கை. விரலில் அவளுடைய கல்யாண மோதிரம்.

மானசா மேஜையின் மேல் தன் வலது கையைத் தேடினாள். மணிக்கட்டுக்கு அப்பால் மரப்பலகை மட்டும்தான் தெரிந்தது. வலிக்கவில்லை.

தொடரலாமா?

இன்னும் இடது கை இருந்தது.