பிரபாவின் இடது கன்னம்

"கைய எடுங்க. நான்தான் முதல்ல எடுத்தேன்."

பூங்கோதை அதட்டினாள். எதிரில் நின்றவன் பெட்டியையும் விடவில்லை... அவள் முகத்திலிருந்து பார்வையையும் எடுக்கவில்லை.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் தேவநாதனின் பெயிண்ட் கடை. வெளியே கொட்டுகொட்டென்று மழை. அலமாரியில், காற்றால் சாயம் தெளிக்கும் ஏர்பிரஷ்கள் இரண்டே இரண்டுதான் மிச்சம். அதில் ஒன்றின் மேல்தான் இப்போது நாலு கைகள்.

அவனுடைய நனைந்த இமைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உள்ளே சிரிக்கிற கண்கள்... 'ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீளமா இமை?' என்று நினைத்தாள். நினைத்ததற்காகவே கோபம் கூடியது.

"எதுக்குங்க வாங்குறீங்க?" என்றான் அவன்.

"பீங்கான் பொம்மைக்கு."

"அப்ப இது வேணாங்க. இதுல துளை ரொம்ப சின்னது, பாயிண்ட் டூ மில்லிமீட்டர். நான் பைக் டேங்குல படம் போடுறவன்... என் பெயிண்டு தண்ணியாட்டம் ஓடும். உங்க சாயம் பொடி. அடைச்சிக்கும். பொம்மைக்குத்தான... அந்த பாயிண்ட் த்ரீயே போதும்."

பொம்மைக்குத்தானா? பூங்கோதைக்குச் சுர்ரென்றது.

"பொம்மைன்னா போதும்னு யாருங்க சொன்னது? எனக்கு நுணுக்கமான வேலை. சின்னத் துளைதான் வேணும்!"

"திலீபா, விட்டுக் குடுப்பா. அந்தப் பொண்ணு செராமிக் எஸ்டேட்டுல தனியா ஷெட்டு போட்டு நடத்துது" என்று தேவநாதன் சிரித்தார்.

திலீபன் கையை எடுத்தான். மிச்சமிருந்த பாயிண்ட் த்ரீயை வாங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினான். ஒருமுறை திரும்பிப் பார்த்தான்... அவள் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

பெண்ணாடத்துப் பெண் பிரபாவுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். மணமேடையில் வைக்க, மாப்பிள்ளை பெண் சாயலிலேயே ஒரு ஜோடி பொம்மை கேட்டிருந்தாள். பிரபாவின் இடது கன்னத்தில் பிறவியிலேயே ஒரு படர்ந்த பழுப்பு மச்சம்.

"போட்டோ எடுக்குறவங்க எல்லாம் இத அழிச்சிட்டுதான் குடுக்குறாங்கக்கா. நீங்க அழிச்சிடாதீங்க" என்று பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்.

தூரிகையால் போட்டுப் பார்த்தால் அந்த மச்சம் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஓரங்கள் தோலோடு தோலாகக் கரைய வேண்டும். அதற்குத்தான் இந்த ஏர்பிரஷ்.

மறுநாள் புதன்கிழமை. உடைந்த பீங்கான் சில்லு ஒன்றை எடுத்து, அதன் மேல் ஏர்பிரஷால் அடித்துப் பார்த்தாள். புஸ்... ஒன்றும் வரவில்லை. இன்னும் அழுத்தினாள். பொளிச்சென்று புள்ளிபுள்ளியாய்த் துப்பியது. கழுவினாள், மறுபடி அடித்தாள், மறுபடி அடைத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் பொம்மைகள் சூளைக்குள் போகாவிட்டால் கல்யாணத்துக்குக் கிடைக்காது.

இன்னொன்றோ... அவனிடம் இருக்கிறது.

தேவநாதனிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டாள். "அடைச்சிக்கிச்சி" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவளுக்குப் பேச வரவில்லை. அவன் சிரிக்கவில்லை. அரைமணி நேரத்தில் ஷெட்டு வாசலில் பைக் நின்றது. தன் பாயிண்ட் த்ரீயை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"துளை கொஞ்சம் பெருசா இருந்தா பரவால்லங்க. காத்தக் கொறச்சி வச்சிக்கிட்டு, பக்கத்துல புடிச்சி அடிங்க. அமுக்குனா காத்து... பின்னால இழுத்தா சாயம். பூவப் பறிக்கிற மாதிரி மெதுவா இழுக்கணும்."

அவள் சாயத்தை மறுபடி அரைத்து, பழைய நைலான் புடவைத் துணியில் இரண்டு முறை வடிகட்டினாள். சில்லின் மேல் அடித்தாள். மூச்சுக்காற்று பட்ட மாதிரி ஒரு நிழல் விழுந்தது!

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். கண்கள் நான்கும் முட்டிக்கொண்டன... அவள்தான் முதலில் குனிந்தாள்.

மேசையில் இருந்த பிரபாவின் போட்டோவை அவன் எடுத்துப் பார்த்தான். "இந்தக் கறையையுமா போடப்போறீங்க? விட்டுடலாமே... பொம்ம அழகா இருக்குமில்ல?"

அவள் முகம் மாறியது. "அது கறை இல்லங்க. அந்தப் பொண்ணோட முகம். உங்க ஏர்பிரஷ எடுத்துக்கிட்டு கெளம்புங்க."

திலீபன் போட்டோவை மேசையில் வைத்தான். போய்விட்டான். பைக் சத்தம் தேய்ந்த பிறகுதான் பார்த்தாள்... ஏர்பிரஷை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்து, மெல்ல இழுத்து... அந்தக் கன்னத்தை முடித்தாள்.

வியாழக்கிழமை பிற்பகல், சூளை ஆறி அவள் கதவில் கை வைக்கும்போது வாசலில் நிழலாடியது. அவன்தான்.

"மன்னிப்பு கேக்கலாம்னு வந்தேங்க..."

"முதல்ல கிட்ட வந்து பாருங்க."

சூளைக் கதவைத் திறந்தாள். உள்ளே பொம்மையாய்ப் பிரபா இருந்தாள். கன்னத்து மச்சம் தோலுக்குள்ளிருந்தே எழுந்தது போல, ஓரம் தெரியாமல் கரைந்திருந்தது. திலீபன் பொம்மையின் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தான்.

"இது இல்லன்னா... இவங்க வேற யாரோ ஆயிருப்பாங்க. நான் சொன்னது தப்புங்க."

பெண்ணாடத்துக்கு அவன் பைக்கிலேயே போனார்கள். பொம்மைப் பெட்டியை மடியில் வைத்து, அவனுக்கும் தனக்கும் நடுவில் அணைத்துப் பிடித்திருந்தாள் பூங்கோதை.

பிரபா பொம்மையின் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டாள். "ஐயோ அக்கா... நானேதான்!" என்று மருதாணிக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பும்போது வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கு நின்றார்கள். புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொல்லணுங்க" என்றான். "கடையில உங்கள பார்த்ததுலேருந்து வேலையே ஓடல. ஒருத்தரு டேங்குல சிங்கம் போடச் சொன்னாரு. போட்டேன்... கண்ணு மட்டும் உங்க கண்ணா வந்துடுச்சி."

"சிங்கத்துக்கா?"

"அன்னிக்கி அப்படித்தான பாத்தீங்க..."

அடக்க முடியாமல் சிரித்தாள். டீ சிந்தியது. அவன் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தான்.

"எங்க அம்மாவ உங்க வூட்டுக்குக் கூட்டிட்டு வரவாங்க?"

அவள் ஆற்றைப் பார்த்தாள். காது மடல்வரை சூடாகியது.

"ஞாயித்துக்கெழம வாங்க. அப்பா வூட்டுலதான் இருப்பாரு."

"அப்ப... உங்களுக்கு?"

"புடிக்காமலா நாள் சொல்றாங்க?"