ஞானஸ்நான வீடியோ

படம் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. மழை விட்டும் விடாத சாயங்காலம். கவரைப்பேட்டை வீட்டின் புது டிவியில் திரை கறுப்பாகவே இருக்க, மகனின் ஞானஸ்நான விருந்தில் பாடிய பாட்டும், தட்டுகள் இடிபடும் ஒலியும், அவற்றுக்கு அடியில் கனமான இரும்பை யாரோ தரையோடு இழுத்துவருவது போன்ற ஓர் உராய்வும் கேட்டன. சர்ச் ஹாலில் இரும்பு ஏது என்று தாவீது நினைத்தான்.

பிறகு திரையில் எழுத்து வந்தது. இந்த வீடியோ இந்த டிவியில் ஓடாதாம்.

லேப்டாப்பிலிருந்துதான் டிவிக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அதில் செட்டிங்கைத் திறந்தான். 'அப்படியே அனுப்பு' என்றிருந்ததை 'எம்பி4 ஆக மாற்றி அனுப்பு' என்று வைத்து, நிற்காமல் ஓடட்டும் என்று தரத்தை 480க்கு இறக்கினான். படம் வந்தது.

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள் மனைவி ஷைனி. "இன்னாங்க இது, ஒரு மூஞ்சியும் தெரில. எங்கம்மா எங்க நிக்குதுன்னே தெரிலியே. கொஞ்சம் கிளியரா வையேன்."

"வைக்கிறேன், இரு."

720. முகங்கள் திரண்டன. பின்வரிசைச் சுவரோரம் மஞ்சளாக ஒரு புள்ளி. பலூன் என்று நினைத்தான். 1080. பலூன் இல்லை, ஹெல்மெட். அதன் கீழே ஓர் ஆள்.

பென்னி.

கும்மிடிப்பூண்டி இரும்பு ரோலிங் மில்லில் தாவீதின் ஷிப்டில் வேலை பார்த்தவன். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஒரு சென்சார் இருந்தது. அது சும்மாச் சும்மா மெஷினை நிறுத்தி வேலையைக் கெடுக்கிறது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டவன் தாவீது. உருளைகளுக்கு நடுவே போனவன் பென்னி. விசாரணையில் தாவீது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்: "அவனேதான் சார் கழட்டிட்டான்." பென்னியின் மனைவி கன்னியம்மா எதிரே நின்று அவன் முகத்தையே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று அன்றிலிருந்து தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அதுவும் பொய் என்று அவனுக்குத் தெரியும்.

விருந்து நடந்தது பென்னியை அடக்கம் செய்த பிறகு.

தாவீது அவசரமாக மறுபடி 480க்கு இறக்கினான். பாட்டுக்காரர்கள் கலைந்தார்கள், மாமியார் கலைந்தாள், சுவரில் இருந்த சிலுவைகூட கரைந்து சாம்பல் நிறக் கட்டங்களானது. பென்னி கலையவில்லை. அவன் சட்டையின் எண்ணெய்க் கறைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. இப்போது அவன் சுவரோரம் இல்லை. பந்திக்கு நடுவே. உராய்வு அவன் காலிலிருந்து வந்தது.

"இன்னாத்துக்கு திரும்ப மங்கலாக்குற?" என்றாள் ஷைனி, உள்ளேயிருந்து. படுக்கையறையில் குழந்தை சிணுங்கத் தொடங்கியது.

நிறுத்து என்பதை அழுத்தினான். நின்றுவிட்டதாக லேப்டாப் சொன்னது. டிவியில் ஓடியது. லேப்டாப்பை மூடினான். ஓடியது. மழையின் மண்வாசம் போய், அறையில் பழுக்கக் காய்ந்த இரும்பின் வாசம்.

"நான்தான்," என்றான் மெதுவாக. "நான்தான்டா பிடுங்கினேன். உன் மேல போட்டுட்டேன் பென்னி."

பென்னி நிற்கவில்லை.

திரையில் இன்னொரு தாவீது. புதுச் சட்டை. தோளில் குழந்தை. பென்னி அவனருகே வந்து நின்றான். இரு கைகளையும் நீட்டினான். மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை.

திரையிலிருந்த தாவீது சிரித்தான். குழந்தையைக் கொடுத்தான்.

படுக்கையறையில் அழுகை நின்றது.

"ஏங்க." ஷைனியின் குரல். "புள்ளய நீயா தூக்கினு போன? தூளில காணமே."

ஞானஸ்நானத்தன்று குழந்தைக்கு வெள்ளை உடுப்பு. திரையில் இருந்தது பச்சைச் சட்டை. சற்றுமுன் ஷைனி போட்டுவிட்டது. அழுது சிவந்த முகம். கன்னத்தில் ஈரம் காயவில்லை.

அந்தக் கைகளுக்கு நடுவே குழந்தையை வைத்து, பென்னி மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தான்.