பயத்துக்கு மட்டும் சுடும்

சிங்காநல்லூரில் பேருந்து ஏறியதிலிருந்தே யுகேந்திரனின் கால்சட்டைப் பைக்குள் சுண்டான் சூடாகிக்கொண்டிருந்தது. கொதிக்கவில்லை, டீ டம்ளரைத் தொடைமேல் வைத்த மாதிரி ஒரு சூடு. அவனை எப்போதோ நடுங்கவைத்த யாரோ பக்கத்தில் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். போனில் பேசிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தான். முன் இருக்கையில் ஒரு அம்மாள் மடியில் பையை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பின்னால் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்கினார்கள். இவர்களைப் பார்த்து எவன் நடுங்குவான்? அவன் பார்த்து முடிப்பதற்குள் சுண்டான் ஆறிவிட்டது. வந்தவன் இறங்கிப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டு மறுபடி போனில் பேச ஆரம்பித்தான். மறுபடி சூடு.

அந்தக் காலத்துக் கோவையில் செருப்பில்லாமல்கூட வெளியே போவார்கள், சுண்டானில்லாமல் போகமாட்டார்கள். தற்காப்புக் குறுந்துப்பாக்கி என்று அரசாங்கம் வைத்த பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திருடன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் ஜனங்கள் சுண்டான் என்று சுருக்கிவிட்டார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குண்டு கிடையாது, மின்முள்தான். பட்டால் ஆள் வெட்டிய வாழை போல விழுவான். நெஞ்சு பலவீனமானவனாக இருந்தால் எழுந்திருக்கவும் மாட்டான்.

இப்படிப்பட்ட சாமானை ஊரில் எல்லார் கையிலும் கொடுத்தால் என்ன ஆகும் என்று முதலில் கேட்காதவர்கள் இல்லை. அதற்கு, தலைமுறை தலைமுறையாக மோட்டாரும் கிரைண்டரும் செய்துவந்த பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த பதில்தான் நாடிவளை. மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது. கோபத்தில் துடிக்கிற நாடி வேறு, பயத்தில் துடிக்கிற நாடி வேறு. வளைக்கு அந்த வித்தியாசம் தெரியும். நீங்கள் பயப்படும்போதெல்லாம் எதிரே இருக்கிற முகத்தையும் குரலையும் சுண்டான் மனசில் வாங்கிக்கொள்ளும். சின்னச் சின்னப் பயங்கள் நூறு சேர்ந்தாலும் சரி, உயிரை உலுக்குகிற ஒரே ஒரு பெரிய பயமானாலும் சரி, அந்த ஆளை அது கற்றுக்கொண்டுவிடும். அப்புறம் அவர் குரல் கேட்டால் சூடாகும். முகத்தைக் கண்டால் ‘டிக்’ என்று பூட்டு திறக்கும். இதற்கெல்லாம் வளைகூட வேண்டாம். சுடுவதற்கு மட்டும் சொந்தக்காரரின் வளை அருகில் இருக்க வேண்டும்.

கோபத்துக்குச் சுடாது, பயத்துக்கு மட்டும் சுடும். இந்த ஒரே வாக்கியத்தை நம்பித்தான் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. பங்காளிச் சண்டையில் வரப்பு மேட்டில் நின்று எத்தனையோ பேர் சுண்டானை நீட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் திறக்கவில்லை. வெறும் கோபத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

எந்தச் சுண்டான் நல்ல சுண்டான் என்பதில்தான் யுகேந்திரனின் பிழைப்பு ஓடியது. புதிதாக எது வந்தாலும் வாங்கி, வாரக்கணக்கில் பையில் போட்டுத் திரிந்து, பழையதோடு ஒப்பிட்டுப் பேசுவான். அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் கடைகளில் சரக்கு தீர்ந்துவிடும். இந்த வேலைக்கு அவனை விட்டால் ஆளில்லை, ஏனென்றால் அவ்வளவு பயம் அவனிடம் இருந்தது. கேட்டைப் பூட்டிவிட்டு வந்து படுத்தவன் எழுந்து போய் மறுபடி இழுத்துப் பார்ப்பான். பாத்திரத் தொட்டியில் இரண்டு டம்ளர் கிடந்தால் இரண்டாவது டம்ளர் யாருக்கு என்று மனைவி சுகிர்தாவைக் கேட்பான். அவள் போன் ஒரு நிமிஷம் கிடைக்காவிட்டால் யாரோடு பேசினாய் என்று சாயங்காலம் வரை கேட்பான். இதற்கு அவன் வைத்திருந்த பெயர் ஜாக்கிரதை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்கு வெளிச்சத்திலும் பேய்தான்.

வீட்டுக்குள் சுண்டானோடு நுழைவது மரியாதை இல்லை. செருப்பு விடும் இடத்துக்கு மேலே ஒரு மாடம் இருக்கும், அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாடத்திலிருந்தும் அதற்குக் கூடம் தெரியும், பேச்சு கேட்கும். யுகேந்திரன் வீட்டு மாடத்தில் இரண்டு கண்மணிகள் இருந்தன. கண்மணி என்பது அந்த ரகத்தின் பெயர். போன வருஷக் கண்காட்சியில் அவனே முதலிடம் கொடுத்து, அவனே ஜோடியாக வாங்கியது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம். காலையில் கைக்குட்டை, கண்ணாடி, சாப்பாட்டுப் பை, சுண்டான் என்று ஒவ்வொன்றாகச் சுகிர்தா எடுத்துக் கொடுப்பாள். அவன் பார்க்காமலே வாங்கிப் போட்டுக்கொள்வான்.

அன்றைக்கு இந்த வருஷத்துக் கண்காட்சி. கண்மணியோடு இன்னும் இரண்டு ரகங்களை ஒப்பிட்டு மேடையில் அவன் பேச வேண்டும். கடைசியில் எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். அரங்கம் நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு கணவன் மனைவி. அந்தப் பெண் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

முதலில் வேலன் என்ற ரகத்தை எடுத்தான். எடை குறைவு, எலுமிச்சம்பழம் மாதிரி பையில் கிடக்கும், வெளியே துருத்தாது. ஆனால் பிடி கட்டை. சுண்டுவிரலுக்கு இடமே இல்லை, எடை இல்லாததால் சுடும்போது கை தூக்கிப் போடும். அடுத்தது நொடி. பிடி நன்றாக இருக்கும், அவசரத்துக்கு எடுத்தால் நுனி பைத் துணியில் மாட்டிக்கொள்ளும். வேட்டி மடிப்பில் வைப்பவர்களுக்கு அதுவும் பிரச்சினை இல்லை. வியர்வை பட்டுத் துருப்பிடிக்கிறதா என்று சித்திரை வெயிலில் இடுப்பில் கட்டிக்கொண்டு மருதமலை ஏறிய கதையைச் சொன்னான். கூட்டம் ரசித்தது. அவன்தான் ரசிக்கும் நிலையில் இல்லை.

மைக்கைப் பிடித்ததிலிருந்து பைக்குள் சூடு நிற்கவே இல்லை. அவன் குரலை உயர்த்த உயர்த்தச் சூடும் ஏறியது. அந்த ஆள் இங்கேதான் இருக்கிறான், இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று யுகேந்திரனுக்குத் தோன்றியது. ஒவ்வொரு முகமாகத் துழாவினான். பழைய முதலாளியா? கடன் தகராறில் கத்தியைக் காட்டிய சித்தப்பா மகனா? பேச்சில் இரண்டு முறை தடுமாறினான். தண்ணீர் கொண்டுவந்த மேகலாவிடம், கண்காட்சியை நடத்துகிறவள் அவள்தான், வாசலில் காவலைக் கூட்டச் சொல்லி முணுமுணுத்தான். அவள் பயந்துபோய்த் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

கேள்வி நேரத்தில் மூன்றாவது வரிசைப் பெண் எழுந்தாள். சுண்டானை வீட்டுக்குள்ளேயும் வைத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டாள்.

“வீட்டுக்குள்ள எதுக்கும்மா? வீட்டுக்காரரைச் சுடறதுக்கா?” என்றான் யுகேந்திரன்.

அரங்கமே சிரித்தது. அவள் கணவனும் சிரித்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள். யுகேந்திரனின் தொடையில் சுரீர் என்றது.

தீர்ப்புக்கு முன்னால் தேநீர் இடைவேளை விட்டார்கள். யுகேந்திரன் கழிப்பறைக்கு ஓடினான். உள்ளே யாரும் இல்லை. கதவைத் தாழிட்டு, சுண்டானை வெளியே எடுத்து, முகம் கழுவுகிற இடத்துக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தான்.

‘டிக்.’

பூட்டு திறந்துகொண்டது. அவனுக்கு உயிரே போய்விட்டது. திரும்பினான், பின்னால் சுவர்தான் இருந்தது. மேலே கூரை, கீழே தரை. கண்ணாடிக்குள் அவன் ஒருவன். மெதுவாக மற்றக் கையால் முகத்தை மூடினான். பூட்டு தானாக மூடிக்கொண்டது. கையை எடுத்தான். ‘டிக்.’ யாரு, என்று கேட்டான். அவன் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கே சுண்டான் கையைச் சுட்டது.

அப்போதுதான் திருப்பிப் பார்த்தான். பிடியின் அடியில், சுண்டுவிரல் படுகிற இடத்தில், அரக்கு நிறத்தில் ஒரு ஒட்டுப்பொட்டு. தன்னுடையது எது என்று அடையாளம் தெரிவதற்காகச் சுகிர்தா ஒட்டியது.

காலையிலிருந்து அவன் பின்னாலேயே வந்துகொண்டிருந்த ஆள் யார் என்று யுகேந்திரனுக்குத் தெரிந்துவிட்டது.

மனிதனுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது பாருங்கள். முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் இது இயந்திரக் கோளாறு என்று முடிவுகட்டிவிட்டான். கோளாறாகத்தான் இருக்க வேண்டும். அவன் ஒரு நாளும் அவளை அடித்ததில்லை. மூன்று சுற்றுச் சோதனையில் கண்மணி ஒரு தடவைகூடப் பிசகியதில்லை என்று எழுதியவனும் அவன்தான். அதை அந்த நேரத்தில் நினைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

மேடைக்குப் போய், கண்மணியை யாரும் வாங்க வேண்டாம் என்றான். அது காரணமில்லாமல் சூடாகிறது, வீட்டு மனிதர்களைப் பார்த்தாலே பூட்டு திறந்துகொள்கிறது, வைத்திருப்பவர்கள் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றான். அரங்கம் சலசலத்தது. மூன்றாவது வரிசைக் கணவனின் முகம் பளிச்சென்று ஆனது. அப்பாடா, என்று அவன் சொன்னது மேடைவரை கேட்டது. மனைவியின் கைப்பையைத் தானே திறந்து, உள்ளிருந்த கண்மணியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுகேந்திரன் மைக்கை அணைத்துவிட்டு இறங்கினான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது பொழுது இன்னும் இறங்கவில்லை. உள்ளே ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைத் தள்ளினான். கேட் கிறீச்சிட்டதும் பாட்டு நின்றது. தினமும் அப்படித்தான் நின்றிருக்கும்போல. இன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது.

சுகிர்தா கூடத்தில் நின்றிருந்தாள். மாடத்தில் எதையும் வைக்காமல் அவன் நேராக உள்ளே போனான்.

“பார்த்து எடுத்துக் குடுக்க மாட்டியா? உன்றதைத் தூக்கி எனக்குக் குடுத்துவிட்டிருக்கற.”

“பார்த்துத்தாங்க குடுத்தேன்,” என்றாள் சுகிர்தா.

அவன் அதைக் காதில் வாங்காதவன் போலக் கடகடவென்று பேசினான். கண்மணியில் கோளாறு, மேடையிலேயே சொல்லியாகிவிட்டது, நாளைக்கே கம்பெனியில் கொடுத்துவிட்டு வேறு வாங்கித் தருவதாகச் சொன்னான். பேசப் பேச அவன் பை புடைத்த இடத்தில் சூடு ஏறியது. அவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவனுடைய சுண்டானை அவள் நாளெல்லாம் வைத்திருந்தாளாம். கீரைக்காரம்மா, பேருந்து நடத்துநர், அலுவலகத்து வாசல் காவலாளி என்று யார் வாயைத் திறந்தாலும் அது கொதித்ததாம். பாவமாக இருந்தது என்றாள்.

“நான் உன்ற மேல என்னைக்காச்சும் கை நீட்டியிருக்கறனா? சொல்லு.”

“இல்லைங்க. ஒரு நாளும் இல்லை.” அவள் குரல் உயரவில்லை. “அது உங்களைப் பார்த்துச் சூடானப்ப நானும் கோளாறுன்னுதான் நெனச்சேன். எவத்திக்காச்சும் வீட்டுக்காரரைப் பார்த்து இப்படி ஆகுமான்னு வெட்கமா இருந்துச்சு. அப்புறம் நீங்க மதுரைக்குப் போனீங்க பாருங்க, அந்த வாரம் பூரா அது சில்லுன்னு கெடந்துச்சு. எனக்கும் அந்த வாரந்தாங்க நெஞ்சு படபடன்னு அடிக்காம இருந்துச்சு. கோளாறு அதுல இல்லைங்க.”

யுகேந்திரன் கால்சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டான்.

“நானாச் சொன்னா நம்பமாட்டீங்க,” என்றாள். “நீங்க நம்பறது அதை மட்டுந்தானே. அதான் குடுத்துவிட்டேன். இப்ப என்றதைக் குடுங்க.”

அவள் கையை நீட்டினாள். மணிக்கட்டில் நாடிவளை பச்சையாக மின்னியது. இன்னொரு கையில் அவனுடைய சுண்டானை வைத்திருந்தாள். கொடுக்கவில்லை என்றால், மனைவியின் சுண்டானைப் பிடுங்கி வைத்துக்கொண்டவன் ஆவான். மூன்றாவது வரிசைக்காரனின் முகம் நினைவுக்கு வந்தது. யுகேந்திரன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவனுடையதை அவள் அவன் கையில் வைத்தாள்.

‘டிக்.’

அவள் கையில் பூட்டு திறந்தது. இப்போது அதன் முன்னால் அவன் முகம், அதன் பக்கத்தில் அவள் வளை. சுடுவதற்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்று அந்த ஊரில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. வாழ்நாளில் எத்தனையோ பேரைப் பார்த்துப் பயந்திருக்கிறான். இப்படி ஒரு பயத்தை அவன் அறிந்ததில்லை.

சுகிர்தா சுண்டானைத் தூக்கக்கூட இல்லை. பொட்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தோள்பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எப்போதும் போல, காபி போடட்டுங்களா என்று கேட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பி நடந்தாள்.

யுகேந்திரன் மூச்சு விட்டான். அப்போதுதான் தன் உள்ளங்கையில் இருந்ததை உணர்ந்தான். ஊரையே பார்த்துக் கொதித்தாலும், அவளைப் பார்த்து மட்டும் ஒரு நாளும் சூடாகாத சுண்டான் அது. அதை அவன் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவள் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு இப்போது அது மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது.

பதில் வராததால் சமையலறை வாசலில் அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

‘டிக்’ என்ற இரண்டாவது சத்தம் அவன் கையிலிருந்து வந்தது. அது சுகிர்தாவுக்கும் கேட்டது. அவள் கை தோள்பைக்குள் போனது.